‘முன்னாள் ராணுவ வீரர் வெறிச்செயல்’ என்று தலைப்புப் போடும் முன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் உங்கள் நாளிதழில், குடும்பத் தகராறில் மனைவியைத் தாக்கிவிட்டுத் தன் உயிரையும் மாய்த்துக்கொள்ள முயன்ற ஒருவரைப் பற்றிய செய்தி வந்திருந்தது. ‘முன்னாள் ராணுவ வீரர் வெறிச்செயல்’ என்று கொட்டை எழுத்தில் தலைப்பு. அவர் படையிலிருந்து வந்து எத்தனை காலம் ஆயிற்று, தூங்கினாரா, குடித்தாரா, யாரிடமாவது கொண்டுபோய்க் காட்டினார்களா, அந்த அம்மா இதற்கு முன் எங்கேயாவது உதவி கேட்டாரா, இதெல்லாம் எதுவும் செய்தியில் இல்லை. எப்படிச் செய்தார் என்பது மட்டும் வரிவரியாக இருந்தது.

நான் ஒரு முன்னாள் படைவீரரின் மனைவி. என் கணவர் இருபது வருடத்துக்கும் மேல் படையில் இருந்தவர். இன்று மனநல மருத்துவரிடம் சிகிச்சை எடுத்துக்கொண்டு, மாத்திரை சாப்பிட்டுக்கொண்டு, ஓரளவு நன்றாக இருக்கிறார். உங்கள் செய்தியை அவரும் படித்தார். அப்போது ஒன்றும் சொல்லவில்லை. அந்த வாரம் மருத்துவரைப் பார்க்க வேண்டிய முறை இருந்தது. “இந்தத் தடவை வேண்டாம், அங்கே போய் உட்கார்ந்தால் நம்மையும் அப்படித்தான் பார்ப்பார்கள்” என்று சொல்லிவிட்டார். பேசிப் பேசித்தான் அனுப்பி வைத்தேன். அதனால்தான் இந்தக் கடிதம். ஒரு தலைப்பு ஒருவரை ஆஸ்பத்திரி வாசலிலிருந்து திருப்பி அனுப்பிவிடும் என்பது உங்களுக்குத் தெரிய வேண்டும்.

வருடத்தில் சில நாட்கள் பத்திரிகைகள் படைவீரர்களைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகின்றன. மார்பு நிறையப் பதக்கம், விறைப்பான சல்யூட், கண்கலங்க வைக்கும் வார்த்தைகள். மற்ற நாட்களில் அதே ஆள் செய்தியில் வந்தால் வெறிச்செயல்தான். தெய்வமாக இருக்க வேண்டும், இல்லையென்றால் பூதமாக இருக்க வேண்டும். தூக்கம் வராமல் விடிய விடியக் கூடத்தில் நடக்கிற சாதாரண மனிதருக்கு இந்த இரண்டிலும் இடம் இல்லை. ‘வீரன் அழக்கூடாது’ என்று ஒரு பக்கம் சொல்கிறது, ‘இவன் ஆபத்தானவன்’ என்று மறுபக்கம் சொல்கிறது. இரண்டையும் படித்துவிட்டு அவர் எந்த மருத்துவரிடம் போய் வாய் திறப்பார்?

பணி முடிந்து வீட்டுக்கு வந்தபோது எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: “அப்பாடா, இனி நிம்மதி.” எனக்கும் அப்படித்தான் இருந்தது. ஆனால் கஷ்டம் அதற்கப்புறம்தான் ஆரம்பித்தது. விடியற்காலை நாலரைக்கு எழுந்து முகம் மழித்துத் தயாராகிவிடுவார். போவதற்கு ஓர் இடம் இருக்காது. ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டே இருப்பார், போட்ட ஷூவுக்கே மறுபடியும். முப்பது பேருக்கு உத்தரவு போட்டவரிடம் ஏதோ ஓர் அலுவலக வரிசையில், “அப்புறம் வாங்க” என்று ஒரு சின்னப் பையன் சொன்னால், வீட்டுக்கு வரும்வரை பேசமாட்டார். வந்ததும் எங்கள் மேல் எரிந்து விழுவார்.

இரவில் கதவுத் தாழ்ப்பாளைத் திரும்பத் திரும்பப் போய்ப் பார்ப்பார். கட்டிலைச் சுவரோரமாக நகர்த்தி, கதவு கண்ணில் படும்படி போட்டுக்கொண்டார். எங்கே உட்கார்ந்தாலும் முதுகுக்குப் பின்னால் சுவர் இருக்க வேண்டும். ஒருநாள் தெருவில் லாரி டயர் வெடித்தது. பக்கத்தில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்த மகளை இழுத்துத் தரையில் போட்டு, மேலே கவிழ்ந்துகொண்டார். குழந்தைக்கு முழங்கையில் சிராய்ப்பு. சத்தம் என்னவென்று தெரிந்த பிறகும் அவர் கை நடுக்கம் நிற்கவில்லை. மகள்தான் அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

கனவில் கத்தும்போது தோளைத் தொட்டு எழுப்பக்கூடாது. படைவீரர் வீடுகளில் பெண்கள் இதைப் பட்டுத்தான் தெரிந்துகொள்கிறோம். யாரும் முன்கூட்டிச் சொல்லித் தருவதில்லை. காலடிப் பக்கமாக, கை எட்டாத தூரத்தில் நிற்க வேண்டும். விளக்கைப் போட வேண்டும். “என்னங்க, நான்தான். நம்ம வீட்டுலதான் இருக்கீங்க” என்று நிதானமான குரலில் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும். கண் திறந்த பிறகும் ஆள் முழுதாக இங்கே வந்து சேரக் கொஞ்ச நேரம் பிடிக்கும். அந்த நேரத்தில் கேள்வி கேட்கக்கூடாது, தண்ணீர் கொடுத்தால் போதும்.

முதலில் போய்ப் பார்த்த ஒரு மருத்துவமனையில், “படையில் இருந்தவர் இப்படிக் கலங்கலாமா? மனதைத் தைரியமாக வைத்துக்கொள்ளுங்கள்” என்று சொல்லித் தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பினார்கள். அதற்குப் பிறகு ரொம்ப நாள் அவர் எந்த மருத்துவரிடமும் வர மறுத்தார். தைரியம் இல்லாததால் வருகிற நோயாக இருந்தால் இது அவருக்கு வந்திருக்கவே கூடாது.

தைரியத்தைக் காட்டித் துரத்துவது புதிதும் இல்லை. முதல் உலகப் போரில் குண்டுச் சத்தத்துக்கு நடுவே இருந்துவிட்டு, உடம்பில் காயமே இல்லாமல் பேச்சு நின்றுபோனவர்களையும் கைகால் நடுங்கியவர்களையும் பற்றி சார்லஸ் மையர்ஸ் என்ற மருத்துவர் 1915-லேயே லான்செட் என்ற மருத்துவ இதழில் எழுதினார். ‘ஷெல் ஷாக்’ என்ற பெயர் அப்போதுதான் மருத்துவ உலகத்துக்கு வந்தது. எழுதி என்ன? அந்தப் போரில் பிரிட்டிஷ் ராணுவம், கோழைத்தனம், ஓடிப்போனது போன்ற குற்றங்களுக்காகத் தன் சிப்பாய்களையே சுட்டுக் கொன்றது. அவர்களில் எத்தனையோ பேர் இந்த நோயில் இருந்தவர்கள் என்று பின்னால் ஒப்புக்கொள்ளப்பட்டு, 306 பேருக்கு 2006-ல்தான் மன்னிப்பு வழங்கினார்கள். தொண்ணூறு வருடம் கழித்து. அவர்களுடைய மனைவிமார் அதற்குள் போய்ச் சேர்ந்திருப்பார்கள். பி.டி.எஸ்.டி. (பேரதிர்ச்சிக்குப் பின் வரும் மனநலக் கோளாறு) என்று இன்று மருத்துவர்கள் எழுதுகிற நோய்க்கு அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேட்டில் 1980-ல்தான் இடம் கிடைத்தது. வியட்நாமிலிருந்து திரும்பியவர்கள் சும்மா இருக்காமல் போராடியதற்கு அதில் பெரிய பங்கு உண்டு.

எங்களுக்குக் கடைசியில் கிடைத்த மருத்துவர் இதையெல்லாம் சொல்லித்தான் அவரை உட்கார வைத்தார். “உங்களுக்கு முன்னால் லட்சம் பேர் இதே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்கள்” என்றார். ஆபத்தான வேளையில் உயிரைக் காப்பாற்ற உடம்பு கற்றுக்கொண்ட விழிப்பு, ஆபத்து போன பிறகும் அணைய மறுக்கிறது. அதுதான் நோய் என்று எனக்கும் புரியும்படி விளக்கினார். பயந்து நடுங்குகிற விஷயங்களைப் பாதுகாப்பான இடத்தில் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகப் பேச வைக்கும் சிகிச்சை, நடந்ததைப் பற்றிய தப்பான எண்ணங்களைத் திருத்தும் சிகிச்சை, செர்ட்ரலின் போன்ற மாத்திரைகள் என்று நன்றாகச் சோதித்துப் பார்த்த வழிகள் இருக்கின்றன. எல்லோருக்கும் எல்லாம் கேட்காது. ஒன்று கேட்கவில்லை என்றால் இன்னொன்று என்று விடாமல் பார்க்க வேண்டும். என் கணவருக்கும் முதல் மாத்திரை ஒத்துவரவில்லை.

இனி, உங்கள் நிருபர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று. போர்க்களத்தைப் பார்த்தவர்கள்தான் இப்படி ஆகிறார்கள் என்று எல்லோரும் நினைக்கிறோம். நானும் கேட்டிருக்கிறேன்: “உங்க வீட்டுக்காரர் சண்டைக்கெல்லாம் போனாரா?” அமெரிக்காவில் ஏறத்தாழ 39 லட்சம் படையினரின் பதிவுகளை ஆராய்ந்து 2015-ல் வெளியான ஆய்வு, போர்முனைக்குப் போனதோடு தற்கொலை ஆபத்துக்குத் தொடர்பு காணவில்லை. படையை விட்டு வெளியே வந்ததோடு தொடர்பு இருந்தது. சீக்கிரமே வெளியேறியவர்களுக்கும், நன்னடத்தைச் சான்று இல்லாமல் அனுப்பப்பட்டவர்களுக்கும் ஆபத்து இன்னும் கூடுதல். ஆஸ்திரேலியாவிலும் பணியில் இருக்கும் ஆண்களிடம் தற்கொலை விகிதம் பொதுமக்களைவிடக் குறைவு. பணியை விட்டு வந்தவர்களிடம் கூடுதல். உடல்நிலை காரணமாக, தாங்கள் விரும்பாமலேயே அனுப்பப்பட்டவர்கள் நிலை இன்னும் மோசம். சீருடை, கூட்டாளிகள், நாளின் ஒழுங்கு, தான் யார் என்ற நிச்சயம் எல்லாம் ஒரே நாளில் போய்விடுகின்றன. கையெழுத்துப் போட்டு அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வாசலைத் தாண்டினால், உள்ளே இருப்பவர்களுக்கு நீங்கள் பார்வையாளர்.

அந்த ஆஸ்திரேலியாவில், பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மார்கள் விடாமல் கேட்டுக் கேட்டு 2021-ல் ஒரு ராயல் கமிஷன், அதாவது உயர்மட்ட விசாரணை ஆணையம், அமைந்தது. 2024 செப்டம்பரில் 122 பரிந்துரைகளோடு இறுதி அறிக்கை வந்தது. 1997 முதல் 2021 வரை, பணியில் இருப்பவரும் முன்னாள் படையினருமாகக் குறைந்தது 1,677 பேர் தற்கொலையால் இறந்திருக்கிறார்கள் என்று அது பதிவு செய்தது. எதிரியால் இறந்தவர்களைவிட இது பல மடங்கு. அமெரிக்காவில் 2022-ல் மட்டும் 6,400-க்கும் மேற்பட்ட முன்னாள் படைவீரர்கள். ஒரு நாளைக்குப் பதினேழுக்கு மேல். இவர்கள் பெயரை எந்த நினைவுத் தூணில் பொறிக்கிறார்கள்?

பெண்களும் இதில் இருக்கிறார்கள். படையில் பணியாற்றிவிட்டு வந்த பெண்களின் தற்கொலை விகிதம் ஆஸ்திரேலியாவில் மற்றப் பெண்களுடையதைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. ‘முன்னாள் வீரர்’ என்றதும் நம் கண்முன் மீசை மட்டுமே வருவதால் இவர்களை யாரும் தேடிப் போவதில்லை.

அடுத்து வன்முறை. இதை மழுப்பி எழுத எனக்கு மனமில்லை. ஆபத்து உண்மைதான். 2013-ல் லான்செட்டில் வந்த ஓர் ஆய்வு, பிரிட்டிஷ் படையினர் ஏறத்தாழ 14 ஆயிரம் பேரின் குற்றப் பதிவுகளைப் பார்த்தது. இளவயது ஆண்களிடம் வன்முறைக் குற்றம் பொதுமக்களைவிட அதிகமாகவே இருந்தது. நேரடிச் சண்டையில் இருந்தவர்கள், திரும்பி வந்து குடிக்கு ஆளானவர்கள், எப்போதும் விறைத்துப்போய் எரிச்சலோடு இருக்கும் அறிகுறி உள்ளவர்கள், படையில் சேரும் முன்பே அடிதடியில் இருந்தவர்கள் ஆகியோரிடம் கூடுதல். அதே ஆய்வில், பத்தில் ஏறத்தாழ ஒன்பது பேர் எந்த வன்முறைக் குற்றத்திலும் சிக்காதவர்கள். இந்தப் பாதி ஒருபோதும் தலைப்பாக வராது. ஈராக், ஆப்கானிஸ்தான் போய்வந்த அமெரிக்கர்களிடம் நடந்த ஆய்வுகளும் இதே திசையில்தான் காட்டுகின்றன: பி.டி.எஸ்.டி.யோடு குடியும் சேர்ந்தவர்களிடம்தான் கடுமையான வன்முறை பல மடங்கு. நிலையான வேலை, வீட்டுச் செலவுக்குப் பணம், இருக்க இடம், பேச ஆள் இருந்தவர்களிடம் அது குறைவு. அதாவது வருமுன் தடுக்கலாம். ஆள் ஒரு வெடிகுண்டு என்று தலைப்பிட்டுவிட்டால் தடுக்க ஒன்றும் இல்லை, ஒதுங்கி நிற்கத்தான் தோன்றும்.

எங்கள் வீட்டிலும் குடி வந்தது. தூங்குவதற்கென்று ஆரம்பித்தது. முதலில் கனவு வராமல் அடித்துப்போட்டது போலத் தூங்கினார். அப்புறம் நள்ளிரவில் விழிப்பு, அதற்கு இன்னும் கொஞ்சம். குடித்த இரவுக்கு மறுநாள்தான் அவர் ரொம்ப மோசமாக இருப்பார். ஓர் இரவு தட்டைச் சுவரில் எறிந்தார். நான் குழந்தைகளை அழைத்துக்கொண்டு என் தங்கை வீட்டுக்குப் போய்விட்டேன். சிகிச்சைக்கு வந்தால்தான் திரும்புவேன் என்று சொன்னேன். சொந்தக்காரர்களில் பாதிப் பேர் என்னைத்தான் ஏசினார்கள், நாட்டைக் காத்தவரை நடுத்தெருவில் விட்டுவிட்டாள் என்று. இதைப் படிக்கும் பெண்களுக்கு அழுத்திச் சொல்கிறேன். அவர் நோயாளி என்பதற்காக நீங்கள் அடிவாங்க வேண்டியதில்லை. பாதுகாப்பான இடத்துக்குப் போவது துரோகம் இல்லை. குழந்தைகள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். கை ஓங்கியாயிற்று என்றால் முதலில் வெளியே வந்துவிடுங்கள். மருத்துவமும் சமாதானமும் அதற்கப்புறம்.

நோய் இருக்கிறது என்பதால் குற்றம் குற்றமில்லாமல் போகாது என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் தண்டனையோடு கதை முடிந்துவிடக் கூடாது. அமெரிக்காவில் பஃபலோ நகரில் ராபர்ட் ரஸ்ஸல் என்ற நீதிபதி 2008-ல் முன்னாள் படைவீரர்களுக்கென்று ஒரு சிகிச்சை நீதிமன்றத்தைத் தொடங்கினார். சிகிச்சைக்குப் போகிறாரா, குடியை விட்டாரா என்று நீதிமன்றமே விடாமல் கண்காணிக்கும். ஒவ்வொருவருக்கும் துணையாக இன்னொரு முன்னாள் வீரர் இருப்பார். இப்போது அந்த நாட்டில் இது போன்ற நீதிமன்றங்கள் நூற்றுக்கணக்கில் நடக்கின்றன. பழைய படைவீரன் சொன்னால்தான் படைவீரன் கேட்பான் என்பதை அந்த நீதிபதி கண்டுகொண்டது பெரிய விஷயம்.

மருத்துவர் விளக்கிய இன்னொன்றையும் எழுத வேண்டும். என் கணவருக்குப் பயத்தைவிட அதிகமாக இருந்தது குற்ற உணர்ச்சி. ஒருநாள் காவல் முறையை இவர் ஒரு நண்பருடன் மாற்றிக்கொண்டார். காய்ச்சல் என்று. இவர் நின்றிருக்க வேண்டிய இடத்தில் அந்த நண்பர் நின்றார், திரும்பி வரவில்லை. பல வருடம் இவர் இதை யாரிடமும் சொல்லவில்லை. ஒவ்வொரு வருடமும் அந்த மாதம் வந்தால் வீட்டில் சாப்பாடு இறங்காது. எங்களுக்குக் காரணம் தெரியாது. இப்படி மனசாட்சியில் படுகிற காயத்தைப் பயத்தினால் வரும் நோயிலிருந்து தனியாகவே பார்க்க வேண்டும் என்று இப்போது மருத்துவர்கள் சொல்கிறார்கள். செய்ததற்காக, செய்யாமல் விட்டதற்காக, உயிரோடு இருப்பதற்காகவே தன்னைத் தண்டித்துக்கொள்கிற மனம் அது. “நீங்க ஒரு ஹீரோ” என்று யாராவது மேடையில் சொல்லிச் சால்வை போர்த்தினால் அன்றிரவு அவருக்கு நிச்சயம் தூக்கம் இருக்காது. இதை விழா நடத்துபவர்கள் தெரிந்துகொண்டால் நல்லது.

மருத்துவர் எனக்குக் கற்றுக்கொடுத்ததில் எல்லாவற்றையும்விடக் கடினமானது, நேராகக் கேட்பது. கேட்டால் இல்லாத எண்ணத்தையும் கிளப்பிவிட்டது போலாகுமோ என்று பயந்தேன். ஆகாது என்றார், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைப்பதில்லை, பேச ஒரு வழி திறக்கிறது என்று ஆய்வுகளே சொல்கின்றன. ஒரு மாலை, பிள்ளைகள் இல்லாத நேரமாகப் பார்த்துக் கேட்டேன்: “செத்துடலாம்னு தோணுதாங்க?” ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், “தோணும். இன்னைக்கு இல்ல” என்றார். அவ்வளவுதான். ஆனால் அன்றிலிருந்து எங்களுக்குள் அதைப் பேச முடிந்தது. ‘இன்னைக்கு எப்படி?’ என்று கேட்டால் எதைக் கேட்கிறேன் என்று அவருக்குத் தெரியும்.

அடுத்த முறை போனபோது மருத்துவர் என் கணவர் கையாலேயே ஒரு தாள் எழுத வைத்தார். முதலில் தனக்கு மோசமாகப் போவதன் அறிகுறிகள்: இரண்டு இரவு தூக்கம் இல்லாதது, போனை எடுக்காமல் இருப்பது, பழைய டிரங்குப் பெட்டியைத் திறந்து திறந்து பார்ப்பது. அதற்குக் கீழே, தானே செய்யக்கூடியவை. அதற்கும் கீழே, யாரை அழைப்பது. படையில் கூட இருந்த இரண்டு பேரின் எண்கள், என் தம்பியின் எண், மருத்துவரின் எண், உதவி மையத்தின் எண். அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறோம். நானும் மனப்பாடமாக வைத்திருக்கிறேன். பார்ப்பதற்குச் சாதாரணத் தாள். அமெரிக்காவில் முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளின் அவசரப் பிரிவுகளில், இப்படி ஒரு திட்டம் எழுதிக் கொடுத்து, பிறகு தொலைபேசியிலும் விசாரித்தார்கள். அப்படிச் செய்யப்பட்டவர்களிடம், அடுத்த ஆறு மாதத்தில் தற்கொலை முயற்சி போன்ற நடவடிக்கைகள் மற்றவர்களைவிட 45 சதவீதம் குறைவாக இருந்ததாக 2018-ல் வெளியான ஆய்வு சொல்கிறது.

துப்பாக்கியைப் பற்றிப் பேசாமல் விட முடியாது. பணி முடிந்து வந்தவர்களில் பலர் துப்பாக்கியோடு நிற்கிற காவல் வேலைக்குத்தான் போகிறார்கள், இவரும் போனார். மருத்துவர் முதல் நாள் கேட்ட முதல் கேள்விகளில் ஒன்று, “வீட்டில் ஆயுதம் இருக்கிறதா?” இருந்தது. “கொஞ்ச காலத்துக்கு வீட்டில் வேண்டாம்” என்றார். என் கணவருக்கு அவமானமாக இருந்தது, குழந்தையிடமிருந்து பறிப்பது போல நினைக்கிறார்கள் என்று. மருத்துவர் பதில் சொன்ன விதம் எனக்குப் பிடித்தது. உயிரை விட வேண்டும் என்ற வேகம் பெரும்பாலும் கொஞ்ச நேரத்துக்குத்தான் உச்சத்தில் இருக்கும். அந்த நேரத்தைக் கடத்திவிட்டால் அநேகம் பேர் பிழைத்துக்கொள்வார்கள், அதற்குத்தான் என்றார். இஸ்ரேல் ராணுவத்தில் 2006-ல் ஓர் உத்தரவு போட்டார்கள்: வார விடுமுறைக்கு வீட்டுக்குப் போகும் சிப்பாய்கள் துப்பாக்கியை முகாமிலேயே விட்டுவிட்டுப் போக வேண்டும். தற்கொலைகள் ஏறத்தாழ 40 சதவீதம் குறைந்தன. இதைக் கேட்ட பிறகு என் கணவர் தானாகவே முறைப்படி ஒப்படைத்துவிட்டு, ஆயுதம் இல்லாத வேலைக்கு மாறிக்கொண்டார். சம்பளம் குறைந்தது, சமாளித்துக்கொண்டோம்.

ஜெரோம் மாட்டோ என்ற மருத்துவரைப் பற்றிப் படித்ததிலிருந்து அவர் என் மனதைவிட்டுப் போகவில்லை. இரண்டாம் உலகப் போரில் பணியாற்றியவர். அப்போது ஊரிலிருந்து ஒரு பெண் அவருக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தாள். பதிலை எதிர்பார்க்காத, எதையும் வற்புறுத்தாத கடிதங்கள். பிற்காலத்தில் மனநல மருத்துவராகி, மனச்சோர்வாலோ தற்கொலை எண்ணத்தாலோ மருத்துவமனையில் சேர்ந்து, வெளியே வந்த பிறகு சிகிச்சை வேண்டாம் என்று சொன்ன 843 பேரில் ஒரு பாதிப் பேருக்கு அதே போலச் சின்னச் சின்னக் கடிதங்களை அனுப்பச் செய்தார். ‘நீங்கள் நலமா, எழுத விருப்பம் இருந்தால் எழுதுங்கள்’ என்ற அளவுக்குத்தான் அவை இருந்தன. முதல் இரண்டு வருடங்களில், கடிதம் பெற்றவர்களிடம் தற்கொலை குறைவாக இருந்தது. ஒரு தபால்தலைச் செலவு. இன்று அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்களுக்கான நெருக்கடி உதவி எண்ணை அழைத்தவர்களுக்கும் இதே முறையில் கடிதம் அனுப்புகிறார்கள்.

என் கணவருக்கு இந்த வேலையைச் செய்கிறவர், அவருடைய பழைய ஹவில்தார் ஒருவர். வாரம் தவறாமல் போன் வரும். பெரிதாக ஒன்றும் பேசமாட்டார்கள்: முட்டி வலி, பென்ஷன் பேப்பர், யாருக்கு மகள் கல்யாணம். கடைசியில் அவர், “நல்லா தூங்குறியாடா?” என்று கேட்பார். அந்த ஒரு கேள்விக்கு இவர் பொய் சொல்வதில்லை. எங்களிடம் சொல்லாததையும் அங்கே சொல்லிவிடுவார். உங்கள் வாசகர்களில் முன்னாள் படைவீரர்கள் நிறையப் பேர் இருப்பார்கள். உங்கள் கூட்டாளிகளில் போன் எடுக்காத ஒருவர் இருப்பார், சங்கக் கூட்டத்துக்கு வராத ஒருவர் இருப்பார். அவரைத் தேடிப் போய்ப் பாருங்கள். புத்திமதி வேண்டாம், தூக்கத்தைப் பற்றிக் கேளுங்கள்.

படை நிர்வாகத்துக்கும் ஒரு வார்த்தை. பணி முடியும் நாளில் மாலை போடுகிறீர்கள், நினைவுப் பரிசு தருகிறீர்கள், பென்ஷன் கணக்கை விளக்குகிறீர்கள். அன்று அரை மணி நேரம் மனைவியையும் உட்கார வைத்து, இனி வீட்டில் என்னென்ன நடக்கலாம், எதைக் கண்டால் யாரை அழைக்க வேண்டும் என்று சொல்லி அனுப்புங்கள். முதல் ஒரு வருடமாவது மாதம் ஒருமுறை ஒரு போன் செய்யுங்கள். தலையில் அடிபட்டவர்கள், வெடிச்சத்தத்துக்கு மிக அருகில் இருந்தவர்கள் என்றால் இன்னும் கவனம் வேண்டும். மூளையில் பட்ட அதிர்ச்சியே தற்கொலை ஆபத்தைக் கூட்டும் என்று தெரிந்த பிறகும் அவர்களை வெறும் மருத்துவக் கோப்போடு அனுப்பி வைப்பது அநியாயம்.

இப்போது ஆசிரியர் அவர்களிடம் நேரடியாகக் கேட்கிறேன். ஒருவர் குற்றம் செய்தால் செய்தி போடுங்கள், மறைக்கச் சொல்லவில்லை. அவர் படையில் இருந்தார் என்பதை உள்ளே எழுதுங்கள், தலைப்பில் வேண்டாம். தச்சர் ஒருவர் இதைச் செய்தால் ‘தச்சர் வெறிச்செயல்’ என்று போடுவீர்களா? தற்கொலைச் செய்தியில் எப்படிச் செய்தார் என்று விவரிக்காதீர்கள்; அந்த விவரம் ஏற்கெனவே தத்தளிக்கிற இன்னொருவரைத் தள்ளிவிடும் என்று உலக சுகாதார நிறுவனமே பத்திரிகையாளர்களுக்கு எழுதி வைத்திருக்கிறது. ஒரே காரணத்தைச் சொல்லி முடித்துவிடாதீர்கள். அந்த வீட்டுப் பெண்ணின் புகைப்படத்தைப் போடாதீர்கள். செய்திக்குக் கீழே, உதவி எண்ணைக் கண்ணுக்குத் தெரியும் அளவில், ஒவ்வொரு முறையும் அச்சிடுங்கள். நடுராத்திரியில் கண்ணாடியைத் தேடாமல் படிக்க முடிய வேண்டும்.

இன்னொன்றும் கேட்கிறேன். சிகிச்சை எடுத்து மீண்டவர்களைப் பற்றியும் எழுதுங்கள். நெருக்கடியைத் தாண்டி வந்தவர்களின் கதை, அதே நிலையில் இருப்பவர்களைக் காப்பாற்ற உதவும் என்று ஆராய்ந்து சொல்லியிருக்கிறார்கள். அப்படிப்பட்டவர்கள் உங்கள் அலுவலகத்துக்குத் தேடி வரமாட்டார்கள், நீங்கள்தான் போக வேண்டும். பெயரும் முகமும் இல்லாமல் எழுதுவதாக இருந்தால் என் கணவர் பேசத் தயாராக இருக்கிறார். நான் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். உங்கள் நிருபர் வரும்போது நடந்ததை எல்லாம் கேட்கலாம். எத்தனை பேரைச் சுட்டீர்கள் என்று மட்டும் கேட்க வேண்டாம்.

இந்தக் கடிதத்தை அவர் முழுதும் படித்துப் பார்த்தார். குடியைப் பற்றிய பகுதியை எடுத்துவிடட்டுமா என்று கேட்டேன், இருக்கட்டும் என்றார். எங்கள் முகவரியும் தொலைபேசி எண்ணும் தனித்தாளில் இணைத்திருக்கிறேன். பிள்ளைகள் படிக்கிற இடத்தில் பேச்சாகிவிடும் என்பதால் பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
முன்னாள் படைவீரர் ஒருவரின் மனைவி